பப்பில் உட்கார்ந்தால் மட்டும் சாப்பாடு வராது

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கெசிக் ஊர்ப் பப் ஒன்றில் நானும் மனைவியும் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பெரும்பாலான பப்களில் மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு நாமே கவுண்டருக்குப் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யார் முன்னால் வந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். பணத்தை ஆட்டிக் கூப்பிடாதீர்கள்.

விஷயம் புரிந்து எழுந்தபோது மணி இரண்டரை. சமையலறை மூடிவிட்டது! பப் நாள் முழுக்கத் திறந்திருக்கும்; சமையல் அப்படியல்ல. பல இடங்களில் மதியத்தோடு நிறுத்தி, மாலையில்தான் மறுபடி அடுப்பு மூட்டுகிறார்கள். அன்று எங்களுக்கு உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்தான் விருந்து. ஆகவே நுழைந்ததும் முதலில் கேளுங்கள்: "சமையலறை எத்தனை மணி வரை?"

பப்பில் பீர் ஊற்றித் தரும் அளவு பைண்ட்; ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. அரை பைண்டும் தருவார்கள், கூச்சம் வேண்டாம். கார் ஓட்டுபவர் தொடாமலிருப்பதே நல்லது. அதிலும் ஸ்காட்லாந்தில் வரம்பு கடுமை: 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுதான். எங்கள் பயணத்தில் ஸ்டியரிங் எனக்கு, சைடர் என்னும் ஆப்பிள் மது மனைவிக்கு.