இரண்டு போன், இரண்டு கைத்தட்டல்: வகுப்பறையிலேயே ஒலியின் வேகத்தை அளக்கலாம்

பிளஸ் ஒன் இயற்பியலில் ஒலியின் வேகம் வந்தால், பெரும்பாலும் கரும்பலகையில் ஓர் எண்ணை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்த எண்ணை மாணவர்களே அளந்து கண்டுபிடிக்க முடியும். நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு இரண்டே போன் போதும். மாணவர்கள் யாரும் போன் கொண்டுவர வேண்டாம். உங்கள் போனும் சக ஆசிரியர் ஒருவரின் போனும் இருந்தால் சரி. தலைமை ஆசிரியரிடம் மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.

1. ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்

ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் வேண்டும். ஜெர்மனியின் ஆஹன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இயங்கும். மைக் அனுமதி கேட்கும், கொடுங்கள். இறக்கியபின் இந்தச் சோதனைக்கு இணையம் தேவையில்லை. அதனால் இரண்டு போனையும் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்து அளவீடு கெடாது.

2. கடிகாரத்தைப் பழக்குங்கள்

ஆப்பில் 'அக்கூஸ்டிக் ஸ்டாப்வாட்ச்' என்று இருக்கும். ஒரு சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். எவ்வளவு பெரிய சத்தத்துக்கு அது அசைய வேண்டும் என்பதை 'த்ரெஷோல்ட்' என்ற இடத்தில் மாற்றலாம். ஃபேனை அணைத்துவிட்டு, பேச்சுச் சத்தத்துக்கு ஓடாமல் கைத்தட்டலுக்கு மட்டும் ஓடும்வரை அந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதல்முறை செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்; வகுப்புக்கு முந்தைய நாளே பார்த்துவிடுவது நல்லது.

3. அளவீடு

சரியாக 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு போனையும் வையுங்கள். தூரத்தை மாணவர்களே டேப் பிடித்து அளக்கட்டும். ஒவ்வொரு போன் அருகிலும் ஒருவர். முதல் போனை ஒட்டி நிற்பவர் ஒருமுறை தட்டுவார், இரண்டும் ஓடும். ஓரிரு விநாடி கழித்து இரண்டாம் போனை ஒட்டி நிற்பவர் தட்டுவார், இரண்டும் நிற்கும். மற்றவர்கள் மூச்சுக்கூட விடக் கூடாது!

கைத்தட்டல் எட்டவில்லை என்றால் இரண்டு மரக்கட்டைகளைத் தட்டலாம். ஸ்டீல் தட்டு வேண்டாம். அதன் ரீங்காரம் நீண்டு, இரண்டாவது சத்தம் என்று எண்ணி கடிகாரம் முன்கூட்டியே நின்றுவிடும்.

4. கணக்கு

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இரண்டு போனும் ஒரே நேரத்தைக் காட்டாது. ஏன் என்று முதலில் மாணவர்களிடமே கேளுங்கள்.

முதல் தட்டலுக்கு முதல் போன் உடனே ஓடும். இரண்டாம் போனுக்குச் சத்தம் 5 மீட்டர் பயணித்து வர வேண்டும், அது தாமதமாக ஓடும். இரண்டாம் தட்டலில் நிலைமை தலைகீழ்: இரண்டாம் போன் உடனே நிற்கும், முதல் போன் தாமதமாக நிற்கும். ஆக, முதல் போன் முந்தி ஓடிப் பிந்தி நிற்கிறது. இரண்டு நேரங்களின் வித்தியாசம்தான் ஒலி 10 மீட்டர் போக எடுத்த நேரம். இரண்டாமவர் ஒரு விநாடியில் தட்டினாரா, மூன்று விநாடியிலா என்பது முக்கியமே இல்லை. அந்த நேரம் இரண்டிலும் இருப்பதால் கழித்தலில் போய்விடும். இது பிடிபடும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உதாரணமாக முதல் போன் 2.431 விநாடி, இரண்டாவது 2.402 விநாடி காட்டினால் வித்தியாசம் 0.029. பத்தை அதனால் வகுத்தால் விநாடிக்கு சுமார் 345 மீட்டர்.

5. சரிபார்ப்பு

வகுப்பறை வெப்பநிலையை 0.6-ஆல் பெருக்கி 331-உடன் கூட்டுங்கள். அந்த வெப்பநிலையில் ஒலிக்கு இருக்க வேண்டிய வேகம் கிடைக்கும்; 30 டிகிரி என்றால் 349 வரும். உங்கள் விடை இதற்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசத்தில் ஆயிரத்தில் ஒரு விநாடி பிசகினாலே விடை 12 மீட்டர் மாறும். அதனால் ஐந்து முறையாவது, ஒவ்வொரு முறையும் வேறு ஆட்களைத் தட்டவைத்துச் சராசரி எடுங்கள். விடைகளை எழுதிய தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் காற்றுத் தம்பத்தில் (இசைக்கவையின் ஒலிக்குக் குழாய்க்குள் இருக்கும் காற்று ஒத்ததிரும் நீளத்தை அளக்கும் கருவி) இதே வேகத்தை அளக்கும் நாளில் இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.