காணிக் கதையை விடுங்கோ என்று போன் வந்தால்

முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் காணிச் சங்கத்தில் கடிதம், கணக்கு எல்லாம் என் பொறுப்பு. தோட்டம் போட வந்த கொம்பனியை எதிர்த்துக் கதைத்தவர்களுக்கு வரும் மிரட்டலை என்ன செய்வது என்று பக்கத்து ஊர்ச் சனம் கேட்கிறது.

முதலில் ஒரு சி.ஆர். கொப்பி, அதுதான் கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பி, வாங்குங்கள். அன்றன்றைக்கே எழுத வேண்டும். ‘மிரட்டினார்கள்’ என்று மட்டும் எழுதிப் பிரயோசனமில்லை. “அக்கா, காணிக் கதையை விடுங்கோ. உங்கட மகள் கம்பஸ் போறவள்தானே?” என்றார்களா, அந்த வசனத்தை அப்படியே எழுதுங்கள். அக்கறையாகக் கேட்பது போலத்தான் பெரும்பாலும் வரும். நேரம், போன் நம்பர், பக்கத்தில் நின்றவர் பெயர் வேண்டும். நம்பர் இல்லாத மோட்டார் சைக்கிள் என்றால் ஹெல்மெட்டின் நிறத்தையாவது குறியுங்கள். பக்கத்தைப் படமெடுத்து வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பொலிசுக்குத் தனியாகப் போகாதீர்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்வது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் ஒப்பம் வைக்க வேண்டாம். தமிழ் எழுதுகிறவர் இல்லை, நாளைக்கு வாங்கோ என்பார்கள். சரி, நாளைக்கும் போங்கள். முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

மிரட்டியவர் பொலிசோ படையோ அரச அதிகாரியோ என்றால், அடிப்படை உரிமை மீறல் வழக்குக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். அவசரத்துக்கு 1996ஐ அழைக்கலாம். ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் அதை நம்பி இருக்காமல் சட்டத்தரணியைப் பாருங்கள். வழக்கென்றதும் சனம் பின்வாங்குகிறது. ஆனால் போனவர்களும் இருக்கிறார்கள். அம்பாறை மாவட்டத்து ரம்பகன் ஓயாவில் கொம்பனிகள் சோளம் போடக் காடு அழித்ததை எதிர்த்து 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனவர்களில் ஆதிவாசிகளின் தலைவர் வன்னிலா அத்தோவும் ஒருவர்.

காணி உத்தரவுப் பத்திரத்தின், அதாவது அரச காணிக்குத் தந்த பெர்மிட்டின், மூலப் பிரதியை யாருக்கும் கொடுக்காதீர்கள். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவைக் கேளுங்கள். மழுப்பினால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

அப்புறம், கொம்பனிக் கூட்டத்தில் ‘வரவு’ என்று வெறும் தாள் நீட்டுவார்கள். தேநீரும் வடையும் தாராளமாக வரும், அதைச் சாப்பிடலாம். தாளில் மட்டும், ‘கூட்டத்துக்கு வந்தோர், சம்மதம் அல்ல’ என்று தலைப்பு எழுதிவிட்டு ஒப்பம் வையுங்கள். கடைசி ஒப்பத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்துப் போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.