ரவி வர்மா ஓவியங்களைக் காணச் செல்வோருக்கு

ஒரே ஓவியரின் படைப்புகள் நிறைந்த கூடத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க முயலாமல், சேலையின் ஜரிகைக் கரை, நகை, கை விரல்கள் என ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, படத்துக்குப் படம் அதை மட்டுமே தொடர்ந்து பார்த்துச் செல்லுங்கள். நாகர்கோவில், களியக்காவிளைப் பக்கங்களிலிருந்து திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்துக்குச் சென்று ராஜா ரவி வர்மாவின் (1848–1906) ஓவியங்களைக் கண்டுவிட்டு மாலை ரயிலுக்குத் திரும்புவோருக்கு இம்முறை பெரிதும் உதவும்.

ஒரே கை தீட்டிய முகங்களும் பட்டும் அடுத்தடுத்து வரும்போது கண் விரைவில் சலித்து, எல்லாம் ஒன்றுபோலத் தோன்றிவிடுகின்றன. ஒன்றை மட்டும் பின்தொடர்ந்தால் வேறுபாடுகள் தாமாகவே புலப்படும். தள்ளி நின்றால் கனத்த பட்டாகத் தெரியும் ஜரிகை, அனுமதிக்கப்பட்ட எல்லை வரை நெருங்கும்போது மஞ்சளும் பழுப்புமான சில தீற்றல்களாகப் பிரிந்துவிடுகிறது. பயணத்துக்கு அந்த ஒரு காட்சியே போதும் என்பேன். வார்னிஷ் மினுங்கிக் கண்ணைக் கூசச் செய்தால் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து நில்லுங்கள்.

1894இல் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்து, நம் வீட்டுப் பூஜையறைகளில் இடம்பிடித்த அச்சுப் படங்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் வண்ணங்கள் கல்லச்சில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கப்பட்டவை என்பதால், நெருங்கிப் பார்த்தாலும் ஓவியரின் தூரிகைத் தடத்தைக் காண இயலாது. அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அன்று புறப்பட வேண்டாம்.