ஷேவாவைச் சாகவிடாதீர்கள்: இருவர் கேமைத் தனியாக ஆடுபவர்கள் செய்யும் தவறுகள்

தர்மபுரியில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து கேம் ஆடும் கடை ஒன்று இருந்தது. நானும் நண்பனும் ரெசிடெண்ட் ஈவில் 5 என்ற துப்பாக்கிச் சண்டை கேமை அங்கேதான் தொடங்கினோம். ஒரே டிவி, திரை இரண்டு பாதி, ஆளுக்கு ஒரு கன்ட்ரோலர். அப்புறம் அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. எனக்கு லீவு வரும் நாளில் அவனுக்கு நைட் ஷிஃப்ட். சரி, மீதியைத் தனியாகவே முடிப்போம் என்று பாலக்கோட்டில் வீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு பேராக ஆடியபோது ஒரே மூச்சில் கடந்த இடங்களில் எல்லாம் ஒரு வாரம் செத்துக்கொண்டே இருந்தேன்.

காரணம் பிடிபட நாளானது. 2009-இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட இந்த கேமில் எந்நேரமும் களத்தில் இரண்டு பேர் இருப்பார்கள்: கிறிஸ் ரெட்ஃபீல்டு, ஷேவா அலோமர். முதல் முறை தனியாக ஆடும்போது நமக்குக் கிறிஸ்தான். ஷேவாவைக் கம்ப்யூட்டர் ஓட்டும். இருவரில் யார் செத்தாலும் ஆட்டம் முடிந்தது. ஆக, தனியாக உட்கார்ந்திருப்பவர் இரண்டு பேரின் பையையும், இரண்டு பேரின் உயிரையும் கணக்கு வைத்தாக வேண்டும். என்னுடைய தவறுகள் எல்லாம் இதை மறந்ததால் வந்தவை. இப்போது புதிதாக ஆடுபவர்களும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

முதல் தவறு, ஷேவாவை மூட்டை தூக்கும் ஆளாக வைத்துக்கொள்வது. நல்ல துப்பாக்கி, தோட்டா, மருந்து எல்லாவற்றையும் தன் பையில் அடைத்துக்கொண்டு, இடம் இல்லாததை மட்டும் அவளிடம் தள்ளிவிடுவார்கள். ஆளுக்குப் பையில் ஒன்பது கட்டம்தான் என்பதால் இந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் தோட்டா இல்லாத ஷேவா கத்தியோடு எதிரிக் கூட்டத்துக்குள் போவாள், அடிபடுவாள், விழுவாள். அவளைத் தூக்க நாம் அதே கூட்டத்துக்குள் ஓட வேண்டும். அவளுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பத்துத் தோட்டாவுக்கு இருபது தோட்டா செலவாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கையில் இருக்கும் மூலிகையை (இந்த கேமில் அதுதான் மருந்து) எல்லாம் அவளிடம் கொடுத்துவைத்தால், சின்னக் கீறலுக்கும் எடுத்துத் தீர்த்துவிடுவாள். அதனால் மருந்து பெரும்பகுதி நம்மிடம் இருக்கட்டும். பச்சை மூலிகையைத் தனியாக வீணாக்காமல் சிவப்போடு கலந்து வையுங்கள். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: ஷேவா பக்கத்தில் நிற்கும்போது மருந்தைப் பயன்படுத்தினால் இரண்டு பேருக்கும் குணமாகும். எட்ட நிற்கும்போது பயன்படுத்தினால் பாதி மருந்தைக் கீழே கொட்டியது போலத்தான். கூப்பிட்டு, அவள் ஓடி வந்து தோளோடு தோள் நின்ற பிறகு பட்டனை அழுத்துங்கள். அந்த இரண்டு விநாடி பொறுமை ஒரு மூலிகைக்குச் சமம்.

துப்பாக்கி விஷயத்தில், இருவரும் கைத்துப்பாக்கியையே நம்பினால் ஒரே தோட்டாவுக்கு இரண்டு பேர் போட்டி. நான் அவளுக்கு ரைஃபிள் கொடுத்துப் பார்த்தேன். அவள் குறி நம் குறியை விட நன்றாக இருக்கிறது, சும்மா சுட்டுத் தள்ளுவதும் குறைகிறது. எனக்கு ஷாட்கன், அவளுக்கு ரைஃபிள் என்று பிரித்த நாளில்தான் ஆட்டம் என் கைக்கு வந்தது.

அடுத்தது கட்டளை. ஷேவாவுக்கு ‘கவர்’, ‘அட்டாக்’ என்று இரண்டு நிலைகள் இருக்கின்றன. அட்டாக்கில் விட்டால் முன்னால் போய்த் தோட்டாவைக் கொட்டுவாள். கவரில் பக்கத்திலேயே இருந்து சிக்கனமாகச் சுடுவாள். அட்டாக்கைப் போட்டுவிட்டு அதை மறந்தே போகிறவர்கள் நிறைய. நடக்கும்போது, தேடும்போது, குறுகிய சந்தில் எல்லாம் கவரே இருக்கட்டும். பெரிய உருவம் ஒன்று வந்து நிற்கும்போது அட்டாக்குக்கு மாற்றுங்கள், அது விழுந்ததும் திருப்பிக் கவர்.

பையைத் திறந்தால் கேம் நிற்கும் என்று நினைப்பது இன்னொரு தவறு. இதில் நிற்காது. நாம் மூலிகையைக் கலந்துகொண்டிருக்கும்போதே கோடரி வந்து இறங்கும். நண்பனோடு ஆடியபோது “டேய், பின்னாடி பாருடா” என்று அவன் கத்துவான், நான் நிம்மதியாகப் பையைக் கலைப்பேன். தனியாக அந்த நிம்மதி கிடையாது. ஒன்பது கட்டத்தில் மேல், கீழ், இடம், வலம் என நான்கு நடுக்கட்டங்கள் திசை பட்டனோடு இணைந்தவை. பையைத் திறக்காமலே அங்கிருந்து ஆயுதத்தை எடுக்கலாம். எனக்கு எப்போதும் மேலே ஷாட்கன், வலது பக்கம் கைத்துப்பாக்கி, கீழே கையெறி குண்டு. அத்தியாயம் எதுவானாலும் இடம் மாற்ற மாட்டேன். இருட்டில் அம்மா அஞ்சறைப் பெட்டியில் கடுகை எடுப்பது போல விரல் தானாகப் போக வேண்டும். மற்ற ஒழுங்கையெல்லாம் அத்தியாயம் தொடங்கும் முன் வரும் திரையில் செய்து முடியுங்கள்.

அந்தத் திரையில் பணத்தை எல்லாத் துப்பாக்கிக்கும் பங்கு போடுவதும் தவறு. ஒன்றைப் பிடித்து அதையே மேம்படுத்துங்கள். தோட்டா கொள்ளளவைக் கூட்டும்போது அந்தத் துப்பாக்கி முழுதாக நிரம்பிவிடும் என்பது கைவசம் இருக்க வேண்டிய வித்தை. காலியான பிறகு கொள்ளளவை வாங்கினால் பணத்துக்குத் தோட்டாவும் சேர்த்துக் கிடைக்கிறது. நிறைந்திருக்கும்போது வாங்கினால் அது போச்சு.

சண்டையில் நிற்கும் இடம் முக்கியம். இந்த கேமில் குறிபார்த்துக்கொண்டே நடக்க முடியாது. சுட வேண்டுமானால் நிற்க வேண்டும். நின்றால் முதுகு திறந்திருக்கும். இருவராக ஆடும்போது ஒருவர் முதுகை மற்றவர் பார்ப்பார். ஷேவா ஓரளவு பார்ப்பாள், முழுக்க நம்பக் கூடாது. மூன்று முறை சுட்டதும் ஒரு முறை திரும்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். ஹெட்ஃபோன் போடுங்கள், தயவுசெய்து பக்கத்தில் பாட்டு ஓடவிடாதீர்கள். மரம் அறுக்கும் இயந்திரத்தோடு வருகிறவன் திரைக்கு வரும் முன்னே அந்தச் சத்தம் வந்துவிடும், அவன் கைக்கு எட்டினால் ஒரே வெட்டு. நல்ல துணை இல்லாதபோது காதுதான் துணை.

தொடக்கத்திலேயே ஊர்ச் சதுக்கத்தில் பெரிய கோடரிக்காரன் வருவான். அவனைக் கொன்றே தீருவேன் என்று மொத்தத் தோட்டாவையும் அங்கே தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கேட்கப்படுவது உயிரோடு இருப்பது மட்டும்தான். ஹெலிகாப்டர் வந்து வழியைத் திறக்கும் வரை ஓடுங்கள், வீட்டுக்குள் நுழையுங்கள், ஜன்னல் வழியாக வெளியே குதியுங்கள். ஷேவா கூட வருகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

எடுத்த எடுப்பில் வெட்டரன் என்ற கடின நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நார்மல் நிலையில் ஒரு முறை முடியுங்கள். பழைய அத்தியாயங்களைத் திரும்ப ஆடிப் பணமும் சேர்க்கலாம்.

இங்கே சொன்னதை அப்படியே எல்லா இருவர் கேமுக்கும் கொண்டுபோகக் கூடாது. 2012-இல் வந்த ரெசிடெண்ட் ஈவில் 6-இல் கம்ப்யூட்டர் ஓட்டும் துணைக்குத் தோட்டா தீராது, நாம் மருந்து கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதும் இல்லை. அங்கே போய் ஷேவாவைப் பார்த்த பழக்கத்தில் தோட்டாவை ஒதுக்கிவைத்தால் நமக்குத்தான் குறையும். 2013-இன் டெட் ஸ்பேஸ் 3-இல் தனியாக ஆடினால் சண்டையில் துணையே இருக்காது. சில பக்கப் பணிகள் இருவர் சேர்ந்தால் மட்டுமே திறக்கும். அவற்றைத் தேடி அலைய வேண்டாம். 2008-இல் வந்த லெஃப்ட் 4 டெட் நால்வர் கேம், தனியாக ஆடினால் கம்ப்யூட்டர் ஓட்டும் மூன்று துணைகள், அதாவது பாட்கள், கூட வரும். அவை எறிகுண்டை வீசாது, அதனால் அந்த வேலை முழுக்க நம்முடையது. வீரமாக முன்னால் ஓடி, ஹண்டர் என்ற எதிரி மேலே பாய்ந்து அமர்ந்துவிட்டால் நம்மால் எழ முடியாது. பாட்கள் வந்து சேரும் வரை கிழிபட வேண்டியதுதான். எந்த கேமானாலும் தொடங்கும் முன் துணை எந்த வகை என்று பாருங்கள்: பார்த்துக்கொள்ள வேண்டிய துணையா, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் துணையா, துணையே இல்லையா.

கடைசியாக ரெசிடெண்ட் ஈவில் 5-இன் சுரங்கம். இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது, முழு இருட்டு. ஒருவர் கையில் விளக்கு. விளக்கு பிடிப்பவரால் சுட முடியாது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி கதிர் பிடிக்கும் காலத்தில் யானைக் காவலுக்கு மாமா போவார். சிறுவயதில் ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனார். பரணிலிருந்து இறங்கி வரப்பில் நடக்கும்போது டார்ச் என் கையில். நான் பயத்தில் வேகமாக நடக்க, “வெளிச்சத்தை வுட்டுட்டு நான் எங்கடா நடக்கறது?” என்று பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினார். சுரங்கத்தில் விளக்கை ஷேவாவிடம் கொடுங்கள், துப்பாக்கி உங்களிடம் இருக்கட்டும். அவசரப்பட்டு வெளிச்சத்தைத் தாண்டி ஓடாதீர்கள். நான்கு அடி வைத்து நில்லுங்கள், அவள் வந்து சேரட்டும், சுவரில் வெளிச்சம் பரவட்டும். அதற்கப்புறம் அடுத்த நான்கு அடி.