மாவுக்கட்டு பிரித்த கையைச் சுடுமண்ணில் எடுக்கும் முறை

சேலத்து மாரியம்மன் கோயில்களில் நோய் தீர்ந்தவர்கள் செலுத்தும் வெள்ளித் தகட்டுக் கை, யாருடைய கையைப் போலவும் இராது. முறிந்து கூடிய உங்கள் கையையே சிற்பமாக்க விரும்பினால், எலும்பைப் பிடித்துவைத்த அதே வகை மாவுக்கட்டுத் துணியே அச்சாகும். போலந்துச் சிற்பி அலினா ஷபோச்னிகோவ், 1969இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பின், கட்டுத்துணியும் காகிதமும் பாலியெஸ்டர் பிசினும் சேர்த்துத் தம் முகச்சாயலுடைய கட்டிகளை 1971இல் உருவாக்கினார். நமக்குப் பிசின் வேண்டாம். பானை மண் போதும்.

தோல் முழுதும் ஆறி, மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்குங்கள். புறங்கையிலிருந்து முழங்கைக்குக் கீழ்வரை வாசலினைத் தாராளமாகத் தடவி, மருந்துக்கடையில் கிடைக்கும் மாவுக்கட்டுத் துணியைச் சிறு துண்டுகளாக வெட்டி நீரில் நனைத்து, மேற்பாதியில் மட்டும் நான்கு அடுக்கு ஒட்டுங்கள். கையைச் சுற்றி மூடினால் அச்சைக் கழற்ற முடியாது. மாவு இறுகும்போது சூடேறும். ஆகவே கரைத்த மாவு நிறைந்த பாத்திரத்துக்குள் கையை நுழைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் விரல்களை இழந்தவர்கள் உண்டு. மெல்லிய துணி அடுக்கில் வெதுவெதுப்பே தெரியும். கால் மணி நேரத்தில் இறுகியதும் விரல்களை லேசாக அசைத்தால் ஓடு தானே விடுபடும்.

இரண்டு நாள் காய்ந்த ஓட்டின் உட்புறத்தில் வாசலின் பிசுக்கைத் துடைத்துவிட்டு, மணல் கலந்த களிமண்ணை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் உள்ளிருந்து அழுத்துங்கள். மாவு ஈரத்தை உறிஞ்ச, சில மணி நேரத்தில் மண் சுருங்கிக் கழன்று வரும். மண்ணில் ஒட்டிய மாவுத் துணுக்குகளை மட்டும் சுரண்டிவிடுங்கள், சுட்டபின் அவை பொரிந்து தெறிக்கும். துணியின் இழைத்தடம் ஆங்காங்கே பதிந்திருக்கும். பலர் அதை ஈரப் பஞ்சால் தேய்த்து மழுங்கடிக்கிறார்கள். என் கருத்தில் அது பெரும்பிழை, ஏனெனில் வாரக்கணக்கில் கட்டுக்குள் கிடந்த காலத்துக்குச் சிற்பத்தில் எஞ்சும் சாட்சி அதுதான். தழும்பு மங்கலாக விழுந்தாலும் கத்தியால் ஆழப்படுத்த வேண்டாம்.

சுவரில் மாட்டுவதற்கான துளையை ஈரமாக இருக்கும்போதே இட்டு, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் மேலும் பல நாள் ஆகும். பிறகு மண்பாண்டம் செய்பவரிடம் கேட்டு, அவருடைய சூளையில் பானைகளோடு வைக்கச் சொல்லுங்கள். வெளிவரும் கை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிறுத்திருக்கும். கட்டுப் பிரித்த அன்று பார்த்த மெலிந்த கையும் ஏறக்குறைய அப்படித்தானே இருந்தது.