தீபாவளிப் பரிசாகக் குளியல் கூடை: பெற்றவர் உபயோகிக்கிற மாதிரி

குளியல் உப்பு வைத்துக் கொடுக்காதீர்கள், கோலாலம்பூர் பிளாட்டில் குளியல் தொட்டிக்கு எங்கே போவது? உடம்பில் தேய்த்துக் குளிக்கிற சீனி ஸ்கிரப் வையுங்கள். இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தேங்காய் எண்ணெய், நன்றாகக் காய்ந்த போத்தலில். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால்தான் அந்த எண்ணெய் உறையும், நம்ம ஊர் சூட்டில் சீனி அடியில் தங்கி எண்ணெய் மேலே நிற்கும், அதனால் ‘கலக்கிவிட்டுத் தேய்க்கவும், ஈரக்கை வேண்டாம்’ என்று சீட்டு ஒட்டி, கூடவே ஒரு மரக்கரண்டியும் போடுங்கள்.

அப்புறம் நலங்கு மாவு. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் பச்சைப்பயறு, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ் வாங்கி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து அரைத்துச் சலியுங்கள். மஞ்சள் சேர்ப்பதென்றால் கஸ்தூரி மஞ்சள்தான். சமையல் மஞ்சள் போட்டால் வெள்ளைத் துண்டு போச்சு.

பீர்க்கங்காய் நார் ஒன்று. பிரம்புக் கூடை அழகுதான், ஆனால் சின்ன வாளியில் அடுக்கிக் கொடுத்தால் அதுவும் குளிக்க உதவும்.