சிக்கலான கணினி அமைப்புகளை மிகை நம்பிக்கையின்றி வடிவமைப்பது எப்படி?

ஒரு மென்பொருள் பல ஆண்டுகள் பழுதின்றி ஓடியிருந்தால், அது அந்தச் சூழலுக்குப் பொருந்தியது என்பது மட்டுமே உறுதியாகிறது. எனவே வடிவமைக்கத் தொடங்கும்போதே, இப்படி நேராது என்று நீங்கள் மனத்துக்குள் ஒதுக்கிவிட்டவற்றை எழுதிவையுங்கள்: ஒரு மாறி (நிரலில் மதிப்பைத் தாங்கும் இடம்) எட்டக்கூடிய உச்ச மதிப்பு, ஒரு தகவல் வந்துசேரும் தாமதம், பயனர் விசைகளைத் தட்டும் வேகம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த வரம்புக்கு ஆதாரம் என்ன, அது மீறப்பட்டால் அமைப்பு என்ன செய்யும் என்று குறியுங்கள். வேலை நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவது இந்தப் பட்டியல்தான் என்பது வருத்தத்துக்குரியது.

பழைய நிரலை எடுத்தாளும்போது பட்டியலை முதலிலிருந்து சரிபாருங்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட், தன் முதல் பயணத்தில் புறப்பட்ட சுமார் 40 நொடிகளில் சிதறியது. ஏரியன் 4-இலிருந்து வந்த மென்பொருள், கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஒரு 64 பிட் எண்ணை, 32,767-க்கு மேல் கொள்ளாத 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றதால், அது ஓடிய வழிகாட்டும் கருவி செயலிழந்தது. பழைய ராக்கெட்டின் பாதையில் அம்மதிப்பு அவ்வளவு உயராது என்பதால் அந்த இடத்தில் பாதுகாப்புச் சோதனை வைக்கப்படவில்லை. அந்தக் கணக்கீடே புறப்பட்ட பிறகு ஏரியன் 5-க்குத் தேவைப்படாத ஒன்று. மாற்றாக இருந்த கருவியிலும் அதே நிரல் ஓடியதால், அதுவும் அதே காரணத்தால் செயலிழந்தது. ஆகவே ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறோம் என்று நிம்மதி கொள்வதற்கு முன், இரண்டும் ஒரே பிழையைச் சுமக்கின்றனவா என்று கேளுங்கள்.

மென்பொருள் இருக்கிறது என்பதற்காக, ஆபத்தான இயக்கத்தை நேரடியாக நிறுத்தும் வன்பொருள் தடுப்புகளை நீக்காதீர்கள். தெராக்-25 கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியில் அப்படி நீக்கப்பட்டதன் விளைவாக, 1985 முதல் 1987 வரை குறைந்தது ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் உயிரிழந்தார்கள். தெராக்-25-இன் மென்பொருளில் இருந்த அதே வகைப் பிழை அதற்கு முந்தைய தெராக்-20-இலும் இருந்தது, ஆனால் அதன் வன்பொருள் தடுப்புகள் ஆபத்தை நிறுத்திவிட்டதால் மென்பொருள் நம்பகமானது என்ற எண்ணம் வளர்ந்தது. ஒரு தடுப்பு எத்தனை முறை செயல்பட்டது என்பதைப் பதிவுசெய்து, ஒவ்வொரு முறைக்கும் காரணத்தைத் தேடுங்கள்.

பிழைச் செய்திகளுக்கும் இதே கவனம் வேண்டும். தெராக்-25-இன் திரையில் 54 என்ற பழுது எண் மட்டுமே தோன்றியது. ஒரே விசையைத் தட்டிச் சிகிச்சையைத் தொடரவும் முடிந்தது. என்ன கோளாறு, யாருக்கு என்ன ஆபத்து என்பதை இயக்குபவருக்குப் புரியும் சொற்களில் காட்டுங்கள். காரணம் தெரியாத நிலையில் அமைப்பு தானாகப் பாதுகாப்பான நிலைக்குச் சென்று நின்றுவிடும்படி வடிவமையுங்கள்.